ஓடும் ரயிலுக்கு ஒரு சேதி

'தலைமை பச்சைக்கொடி காட்டிவிட்டது' என்று அரசியல் செய்திகளில் எழுதுகிறோம். 'லைன் கிளியர் ஆகிவிட்டதா?' என்று கல்யாணத் தரகர்கள்கூடக் கேட்கிறார்கள். ரயில்வே ஊழியர்களின் பேச்சிலிருந்து நம் அன்றாட மொழிக்குள் வந்து குடியேறிய சொற்கள் இவை. சொற்கள் நிலைத்துவிட்டன, அவற்றைப் பெற்றெடுத்த கருவிகள் பெரும்பாலும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டன. நிற்காமல் ஓடுகிற ஒரு ரயிலின் ஓட்டுநருக்கு 'போகலாம்', 'நில்', 'மெதுவாகப் போ' என்ற மூன்றே மூன்று சேதிகளைத் தெரிவிக்க நூற்றைம்பது ஆண்டுகளாக மனிதர்கள் கையாண்ட வழிகளைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். அதில் இன்றைக்கும் தீராத ஒரு சிக்கல் இருக்கிறது.

நான் வசிக்கும் மந்தாரக்குப்பத்தின் பக்கமாகச் செல்லும் கடலூர்–விருத்தாசலம் பாதை, ஒற்றைப் பாதை. மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்தது. கரி எஞ்சின் போய் டீசல் வந்து, அதுவும் போய் மின்சாரம் வந்தது. பாதை மட்டும் ஒன்றாகவே இருக்கிறது. ஒரே தண்டவாளத்தில் இருபுறமிருந்தும் ரயில்கள் வரவேண்டும். ஆனால் எந்த நேரத்திலும் இரு நிலையங்களுக்கு இடையே ஒரு ரயில்தான் இருக்கலாம். கல்லூரியில் பொருளியல் கற்பித்த நாட்களில், பகிர்ந்து பயன்படுத்தும் ஒரு வளத்துக்கு உரிமையை எப்படி வரையறுப்பது என்ற பாடம் வரும்போது மேய்ச்சல் நிலத்தையும் ஏரி நீரையும் சொல்லிவிட்டு, மூன்றாவதாக இந்த ஒற்றை ரயில் பாதையைச் சொல்வேன். மேய்ச்சல் நிலத்தில் பத்து மாடுகள் கூடுதலாக மேய்ந்தால் புல் குறையும். ஒற்றைப் பாதையில் ஒரு ரயில் கூடுதலாக நுழைந்தால் என்ன ஆகும் என்பதை மாணவர்களுக்கு விளக்க வேண்டிய தேவை இருக்காது.

இந்தச் சிக்கலுக்குத் தொடக்க கால ரயில்வேக்கள் கண்ட விடை மிக எளியது. இரு நிலையங்களுக்கு இடையிலான பகுதிக்கு ஒரே ஒரு கோல். அது எந்த ஓட்டுநரின் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே அந்தப் பகுதிக்குள் செல்லலாம். கோல் ஒன்றுதான் என்பதால் இரண்டு ரயில்கள் ஒரே நேரத்தில் உள்ளே செல்ல வழியே இல்லை. குறை என்னவென்றால், ஒரே திசையில் அடுத்தடுத்து இரண்டு ரயில்களை அனுப்ப முடியாது. கோல் மறுமுனைக்குப் போய்விட்டால், அங்கிருந்து ஒரு ரயில் அதைத் திருப்பிக் கொண்டுவரும் வரை இந்தப் பக்கம் காத்திருக்க வேண்டும்.

தந்தி வந்தபோது, இனிக் கோலே தேவையில்லை, இரு நிலைய அதிகாரிகளும் தந்தியில் பேசி முடிவெடுக்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. பொருளியல் மொழியில் சொன்னால், பண்டத்தின் இடத்தில் தகவலை வைத்தார்கள். அதன் விலை 1874 செப்டம்பர் 10 அன்று இங்கிலாந்தின் நாரிச் நகருக்கு அருகே தார்ப் என்ற இடத்தில் தெரிந்தது. தாமதமாக வந்துகொண்டிருந்த விரைவு ரயிலை முதலில் அனுப்புவதா, எதிர்த்திசைத் தபால் ரயிலை வரச் சொல்வதா என்ற குழப்பத்தில், பொறுப்பாளரின் கையொப்பம் பெறாமலேயே 'தபால் ரயிலை அனுப்புக' என்ற தந்தி போய்விட்டது. இதை அறியாமல் விரைவு ரயிலும் இந்தப் பக்கத்திலிருந்து அனுப்பப்பட்டது. தவறு தெரிந்ததும் முந்தைய தந்தியை ரத்து செய்து மறு தந்தி அடித்தார்கள். 'தபால் ரயில் புறப்பட்டுவிட்டது' என்று பதில் வந்தது. தந்தி அறையில் இருந்தவர்களுக்கு இரண்டு ரயில்களும் மோதப்போகின்றன என்பது தெரியும். அவற்றுக்குச் சொல்லத்தான் வழியில்லை. மழை பெய்த அந்த இரவில் இருபத்தைந்து பேர் அளவில் இறந்தனர்.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1878-இல், எட்வர்டு டயர் என்பவர் உருவாக்கிய மின் டோக்கன் முறை, கோலையும் தந்தியையும் இணைத்தது. அதே கோட்பாட்டில் அமைந்த நீல்ஸ் பந்து டோக்கன் கருவிதான் இந்தியாவில் பரவலாகப் பயன்பட்டது. ஒற்றைப் பாதை நிலையங்களுக்குச் சென்று பழகியவர்கள் நிலைய அதிகாரியின் அறையில் அந்த இரும்புப் பெட்டியைப் பார்த்திருப்பார்கள். அதற்குள் எஃகுப் பந்துகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பந்திலும் இரு நிலையங்களின் குறியெழுத்துகளும் ஒரு வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். இதே போன்ற பெட்டி அடுத்த நிலையத்திலும் உண்டு. இரண்டும் மின் கம்பியால் இணைக்கப்பட்டவை. இங்கிருப்பவர் மணி அடித்துக் கேட்க, அங்கிருப்பவர் சம்மதித்துத் தன் கருவியை இயக்கினால்தான் இந்தப் பெட்டியிலிருந்து ஒரு பந்து வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அதை இரண்டு பெட்டிகளில் ஏதேனும் ஒன்றில் திரும்பப் போடும்வரை எந்தப் பக்கத்திலிருந்தும் இன்னொரு பந்தை எடுக்க இயலாது. பந்துகள் பல இருந்தாலும், எந்த நேரத்திலும் வெளியே இருப்பது ஒன்றுதான். ஒரே திசையில் அடுத்தடுத்து ரயில்களை அனுப்பலாம். எதிரெதிரே அனுப்ப முடியாது.

இந்தக் கருவியை நான் வியந்து பாராட்டுவதற்குக் காரணம், அது யாருடைய நல்லெண்ணத்தையும் நினைவாற்றலையும் மட்டும் நம்பியிருக்கவில்லை என்பதுதான். நிலைய அதிகாரி தூக்கக் கலக்கத்தில் இருக்கலாம், மறந்திருக்கலாம், மேலதிகாரி அவசரப்படுத்தலாம். பெட்டி பந்தைத் தராது. 'அனுமதி' என்ற கண்ணுக்குத் தெரியாத ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளக்கூடிய பொருளாக மாற்றி, அதைப் படியெடுக்க முடியாததாகவும் ஆக்கியிருந்தார்கள். ரூபாய் நோட்டை அச்சிடுபவர்களுக்கு இருக்கும் அதே கவலைதான் இது.

அடுத்து, பந்தை ஓட்டுநரிடம் சேர்க்கவேண்டும். நிற்கும் ரயில் என்றால் கையில் கொடுத்துவிடலாம். நிற்காத ரயிலுக்கு? இங்கேதான் பிரம்பு வளையம் வருகிறது. ஓர் ஆள் தோள்வரை கையை நுழைக்கும் அளவுக்குப் பெரிய வளையம், அதன் அடியில் தோல் பை, பைக்குள் பந்து. நடைமேடையின் ஓரத்தில் ஊழியர் வளையத்தை உயர்த்திப் பிடித்து நிற்பார். எஞ்சினிலிருந்து பயர்மேன் உடலைப் பாதி வெளியே நீட்டி, கடந்துவந்த பகுதியின் வளையத்தை முதலில் நடைமேடையில் வீசுவார். அடுத்த நொடியே கையை வளைத்து, புதிய வளையத்துக்குள் நுழைத்துத் தோளில் வாங்கிக்கொள்வார். இரவில் வளையம் தெரிவதற்காகப் பந்தம் கொளுத்திப் பிடிப்பதும் உண்டு. பிரம்பைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு பட்டறிவு இருந்தது. அது வளையும், அதிர்ச்சியைத் தாங்கும். இரும்பு வளையமாக இருந்தால் கை போய்விடும். பிரம்பே ஆனாலும், பயர்மேன்களின் முழங்கைக்கு மேலே கன்றிப்போன தடிப்பு இருக்கும்.

1977 ஆகஸ்ட் 15 அன்று மதுரைக்கும் சென்னைக்கும் இடையே வைகை விரைவு ரயில் தொடங்கப்பட்டபோது நான் கல்லூரி மாணவன். விழுப்புரம்–திருச்சி கார்டு பாதை அப்போது ஒற்றை மீட்டர் கேஜ் பாதை. நாங்கள் செல்லும் பாசஞ்சர் ரயில் பெண்ணாடத்தில் பக்கப் பாதையில் ஒதுங்கி நிற்கும். எல்லோரும் கீழே இறங்கி நின்றுகொள்வோம், வைகை கடப்பதைப் பார்ப்பதற்காக. உண்மையில் நாங்கள் பார்க்கக் காத்திருந்தது அந்த ஒரு நொடியைத்தான். வளையம் ஊழியரின் கையில் இருக்கும். எஞ்சின் கடந்துவிடும். வளையம் இருக்காது. அதற்குள் பழைய வளையம் நடைமேடையில் உருண்டு வந்து, புழுதி கிளப்பி, வேப்ப மரத்தடியில் போய்ச் சாயும். பாயிண்ட்ஸ்மேன் அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவார். அந்தப் பந்து பெட்டிக்குள் விழுந்த பிறகுதான், வைகை வந்த பாதையில் எங்கள் பாசஞ்சருக்கு உரிமை பிறக்கும்.

ஒருமுறை, வேறொரு நிலையத்தில் (எந்த நிலையம் என்பது இப்போது தேவையில்லை) விரைவு ரயிலின் உதவியாளர் வளையத்தைத் தவறவிட்டார். அது அவர் விரல் நுனியில் பட்டுக் கீழே விழுந்தது. கைகாட்டி இறங்கியிருந்தது, பாதை காலியாக இருந்தது, அடுத்த நிலையம் சம்மதம் கொடுத்திருந்தது. ஆயினும் ரயில் பிரேக் போட்டு, நிலையத்துக்கு வெளியே நெடுந்தூரம் தள்ளிப் போய் நின்றது. பாயிண்ட்ஸ்மேன் வளையத்தைத் தூக்கிக்கொண்டு ஜல்லிக் கற்களின் மேல் ஓடினார். பயணிகள் சன்னல் வழியே தலையை நீட்டி அவரைத் திட்டினார்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தும், பந்து கையில் இல்லாததால் ரயில் நகரவில்லை. அப்போது அது எனக்கு அதிகாரவர்க்கத்தின் மூடத்தனமாகப் பட்டது. பின்னாளில்தான் அந்தப் பன்னிரண்டு நிமிடத் தாமதம் எதற்குக் கட்டிய காப்பீட்டுத் தவணை என்பது விளங்கியது.

கையால் வளையம் மாற்றுவதில் ஊழியர்கள் காயமுறுவதைக் கண்டு மனம் வருந்திய ஒருவர் ஸ்காட்லாந்தில் இருந்தார். ஜேம்ஸ் மேன்சன் என்ற எஞ்சின் பொறியாளர், 1880களின் இறுதியில், ரயில் முழு வேகத்தில் செல்லும்போதே எஞ்சினில் பொருத்திய ஒரு கவையும் தரையில் நட்ட ஒரு கம்பமும் தாமே டோக்கனை மாற்றிக்கொள்ளும் பொறியை உருவாக்கினார். தொழிலாளர்களின் கையையும் உயிரையும் காக்கும் பொருள் என்பதால் அதற்குக் காப்புரிமை வாங்க அவர் மறுத்துவிட்டார் என்பது ரயில்வே வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. காப்புரிமை இல்லாவிட்டால் கண்டுபிடிப்பே நிகழாது என்று பாடப் புத்தகத்தில் நானும் கற்பித்திருக்கிறேன். மேன்சனை அந்தப் பாடத்தின் அடிக்குறிப்பாகவேனும் சேர்த்திருக்க வேண்டும்.

அமெரிக்கர்கள் வேறு வழியில் சென்றார்கள். அங்கே நிலையங்களுக்கு இடையே தூரம் அதிகம், ஆட்கள் குறைவு. 1851-இல் ஈரி ரயில்வேயின் கண்காணிப்பாளர் சார்லஸ் மினட், எதிர் ரயிலுக்காகக் காத்திருந்த தம் ரயிலை, முன்னால் உள்ள நிலையத்துக்குத் தந்தி அடித்து அங்கே எதிர் ரயிலை நிறுத்தச் சொல்லிவிட்டு, முன்னே செலுத்த ஆணையிட்டார். ஓட்டுநர் மறுத்துவிட்டார். மினட் தாமே எஞ்சினை ஓட்ட, அந்த ஓட்டுநர் கடைசிப் பெட்டியின் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார் என்று சொல்வார்கள். மோதல் நேர்ந்தால் அங்கேதான் பிழைக்க வாய்ப்பு அதிகம்! அன்று எதுவும் நேரவில்லை. அதிலிருந்து, தலைமையகக் கட்டுப்பாட்டாளர் தந்தியில் ஆணை சொல்ல, நிலைய எழுத்தர் அதை மெல்லிய தாளில் எழுதி, ஓடும் ரயிலுக்குக் கொடுப்பது அந்நாட்டின் வழக்கமாயிற்று.

தாளைக் கொடுக்கவும் அங்கே மூங்கில் வளையம்தான். ஓட்டுநர் வளையத்தைப் பிடித்து, தாளை உருவிக்கொண்டு, வளையத்தை வெளியே எறிவார். எழுத்தர் இருப்புப் பாதையோரமாக நடந்துபோய் அதைத் தேடி எடுத்துவர வேண்டும். மழையிலும் பனியிலும் இந்த நடை தவிர்க்க முடியாதது. பிறகு யாரோ ஒருவருக்கு நல்ல யோசனை தோன்றியது. நம் ஊர்க் கவட்டை போன்ற ஒரு நீண்ட கோலின் இரு கிளைகளுக்கும் குறுக்கே நூலைக் கட்டி, நூல் முடிச்சில் தாளைச் செருகினார்கள். ஓட்டுநரின் கை நூலை இழுத்துக்கொண்டு போகும்; கோல் எழுத்தரின் கையிலேயே தங்கிவிடும். ஓர் அணா நூல், ஒரு மனிதரின் அரை மணி நேர நடையை மிச்சப்படுத்தியது. அங்கே ஆணைகளிலும் இரண்டு வகை இருந்தன. ரயிலை நிறுத்திக் கையொப்பம் பெற்றே தரவேண்டிய படிவம் ஒன்று; ஓடும்போதே தரக்கூடிய படிவம் மற்றொன்று. எந்தச் சேதிக்குப் 'பெற்றுக்கொண்டேன்' என்ற உறுதி கட்டாயம் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதைப் படிவமே பிரித்துக் காட்டியது.

பெற்றுக்கொண்டதை உறுதிசெய்யும் இந்தக் கவலைக்கு நம் ரயில்வேயிலும் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. டோக்கன் கருவி பழுதாகிவிட்டால் இரு நிலைய அதிகாரிகளும் தொலைபேசியில் பேசி, ஓட்டுநருக்குத் தாளில் எழுதிய லைன் கிளியர் கொடுக்கலாம். மறுமுனையில் பேசியவர் உண்மையில் நிலைய அதிகாரிதானா, அவர் சம்மதித்தாரா என்பதற்கு என்ன சான்று? ஒவ்வொருவரிடமும் இரகசிய எண்கள் அச்சிட்ட தாள் ஒன்று இருக்கும். சம்மதம் சொல்லும்போது அதிலிருந்து ஓர் எண்ணைச் சொல்லி, அதை அடித்துவிடுவார். கேட்டவர் அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதுவார். ஒருமுறை சொன்ன எண்ணை மறுமுறை சொல்ல முடியாது. இன்று வங்கியிலிருந்து கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பெரிய புதுமையாக நினைக்கிறோம். சிற்றூர் நிலையங்களில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் நெடுங்காலமாக நடந்துவந்த காரியம்தான் அது.

இதுவரை சொன்னவை 'போகலாம்' என்ற சேதி. 'நில்' என்பது கடினமானது. ஏனெனில் அது எங்கே, எப்போது தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாது.

மழைக்காலத்தில் இருப்புப் பாதை நெடுகக் காவலர்கள் நடப்பார்கள். கையில் விளக்கு, தோளில் பை, பைக்குள் தண்டவாள வெடிகள், ஒரு குறிப்புப் புத்தகம். இரு திசைகளிலிருந்து வருபவர்கள் நடுவழியில் சந்தித்துப் புத்தகத்தை மாற்றிக்கொள்வார்கள். எந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. கரை அரித்திருந்தால், மீட்டர் கேஜ் பாதையில் அந்த இடத்திலிருந்து 400 மீட்டரில் ஒரு வெடி, 800 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடிகளைத் தண்டவாளத்தின் மேல் கட்டவேண்டும். அகலப் பாதையில் இத்தூரங்கள் 600, 1,200 மீட்டர். எஞ்சின் சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும். புகையோ மழையோ இருளோ எதுவும் இந்தச் சேதியை மறைக்க முடியாது. ஓட்டுநர் கண்ணயர்ந்திருந்தாலும் காது கேட்கும். 1841-இல் எட்வர்டு கூப்பர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கண்டுபிடித்த இந்த வெடி இன்றும் நம் ரயில்களில் கார்டின் பெட்டியில் இருக்கிறது.

ஆனால் இந்தச் சங்கிலி முழுவதும் ஒருவர் சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருப்பதைப் பொறுத்தது. 1956 நவம்பர் 23 அதிகாலையில், சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி விரைவு ரயில், அரியலூரைக் கடந்து மருதையாற்றுப் பாலத்தில் ஏறியது. இரவு முழுதும் பெய்த மழையில் ஆறு பாலத்தின் அடித்தளத்தை அரித்துவிட்டிருந்தது. எஞ்சினும் பல பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் இன்றைய தெலங்கானாவில் உள்ள மகபூப்நகர் அருகே பாலம் இடிந்து நேர்ந்த விபத்துக்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி கொடுத்த விலகல் கடிதத்தை ஏற்க மறுத்த பிரதமர் நேரு, அரியலூருக்குப் பின் ஏற்றுக்கொண்டார். தமிழகத்தைச் சேர்ந்த ஓ.வி. அழகேசன் அப்போது ரயில்வே துணை அமைச்சர். அரியலூர் இங்கே அரசியல் மேடைகளில் நெடுங்காலம் பேசப்பட்டது. சாஸ்திரியின் பெருந்தன்மையைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அந்த விடியற்காலையில் பாதைக்கு உரிய அனுமதியெல்லாம் முறைப்படி பெற்றுத்தான் ஓட்டுநர் வந்துகொண்டிருந்தார் என்பதை எழுதியவர்கள் குறைவு. முன்னால் வேறு ரயில் இல்லை என்று மட்டுமே டோக்கன் சொல்லும். முன்னால் பாலம் இருக்கிறதா என்பதை அது அறியாது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1964 டிசம்பர் 22 நள்ளிரவில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பாசஞ்சர் ரயில் புயல் அலையில் மூழ்கியது. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் விளக்கு எரியவில்லை, ஓட்டுநர் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, ஊதலை ஒலித்தபடி இருளில் முன்னேறினார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பயணம் செய்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் பிழைக்கவில்லை என்ற நிலையில், அந்தக் கடைசி நிமிடங்களைப் பற்றிய வருணனைகளை நான் எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன். ஆயினும் அந்தக் கதை ஏன் நிலைத்தது என்று புரிகிறது. விளக்கு எரியாதது ஒரு சேதியா, சேதி இல்லாமையா? சிக்னல் தெரியாவிட்டால் அதை 'நில்' என்றே கொள்ளவேண்டும் என்பது உலகெங்கும் ரயில்வே விதி. எவ்வளவு நேரம் நிற்பது, பிறகு என்ன செய்வது என்பதை அந்த இரவில் கேட்க யாருமில்லை.

சேதி வராமல் நேர்ந்த விபத்துகள் ஒருபுறம் இருக்க, சேதி கைக்கு வந்தும் நேர்ந்தவைதான் என்னை அதிகம் உறுத்துகின்றன. 1921 ஜனவரி 26 அன்று வேல்ஸ் பகுதியில் ஏபர்மியூல் என்ற சிறு நிலையத்துக்கு வந்த ரயிலின் ஓட்டுநர், தாம் கடந்துவந்த பகுதியின் டோக்கனை ஒப்படைத்தார். அது இரண்டு கை மாறி, அடுத்த பகுதிக்கான டோக்கன் என்ற எண்ணத்தில் அவரிடமே திரும்ப வந்தது. அதில் பொறித்திருந்த பெயரை யாரும் படிக்கவில்லை, ஓட்டுநரும் படிக்கவில்லை. எதிரே வந்த விரைவு ரயிலுடன் மோதியதில் 17 பேர் இறந்தனர். அந்த ரயில்வே நிறுவனத்தின் இயக்குநர் ஒருவரும் அவர்களில் அடக்கம். கருவி பழுதின்றி வேலை செய்தது. வாங்கும் பொருளைப் படித்துப் பார்க்கும் பழக்கம், ஆயிரம் முறை சரியாக நடந்த பின், தேய்ந்துபோயிருந்தது.

இதை நூற்றாண்டுப் பழங்கதை என்று தள்ளிவிட முடியவில்லை. 2024 ஜூன் 17 காலை, மேற்கு வங்கத்தில் நியூ ஜல்பாய்குரிக்கு அருகே ரங்கபாணியை ஒட்டிய பகுதியில் தானியங்கி சிக்னல்கள் பழுதடைந்திருந்தன. அவற்றைக் கடந்து செல்ல ஓட்டுநர்களுக்கு 'டி/ஏ 912' என்ற தாள் கொடுக்கப்பட்டது. முன்னே சென்ற காஞ்சன்ஜங்கா விரைவு ரயிலின் பின்புறத்தில் ஒரு சரக்கு ரயில் மோதியது. பத்துப் பேர் அளவில் உயிரிழந்தனர். சரக்கு ரயில் ஓட்டுநரும் இறந்தார். அன்றைய தினமே, சிக்னலை மதிக்காமல் போனார் என்று அந்த இறந்த மனிதர் மீது பழி சொல்லப்பட்டது. பின்னர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரித்தபோது தெரியவந்தது வேறு. அந்தச் சூழ்நிலைக்கு உரிய படிவம் அதுவன்று. எந்த வேகத்தில் செல்லவேண்டும் என்பது அதில் இல்லை. அதே தாளைப் பெற்ற வெவ்வேறு ஓட்டுநர்கள் அதை வெவ்வேறு விதமாகப் புரிந்துகொண்டு வெவ்வேறு வேகத்தில் சென்றிருந்தார்கள். நடக்கக் காத்திருந்த விபத்து என்றே அறிக்கை அதைக் குறிப்பிட்டது.

எஃகுப் பந்துக்கும் இந்தத் தாளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். ஒரு நேரத்தில் ஒரே பந்துதான் வெளியே வரும். தாளை எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். பந்து இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் போகக்கூடாது. இடையில் விளக்கத்துக்கு இடமில்லை. தாளைப் புரிந்துகொள்ள விதிப் புத்தகம் நினைவில் இருக்கவேண்டும். பொருளியலில் முழுமையற்ற ஒப்பந்தம் என்று ஒன்றைச் சொல்வோம். எழுதாமல் விட்ட இடத்தை ஒவ்வொருவரும் தத்தம் வசதிப்படி நிரப்பிக்கொள்வார்கள். சொந்தக் கடன் பத்திரத்தில் அப்படி நேர்ந்தால் வழக்கு மன்றம் இருக்கிறது.

இப்போது நம்பிக்கை 'கவச்' மீது இருக்கிறது. தண்டவாளத்தில் பதித்த பட்டைகளும் வானொலி அலைகளும் ரயிலுக்குச் சேதி சொல்லும். ஓட்டுநர் செயல்படாவிட்டால் ரயிலே பிரேக் போட்டுக்கொள்ளும். 2020-இல் தேசிய அமைப்பாக ஏற்கப்பட்ட இது, 2024 வரை தென் மத்திய ரயில்வேயில் 1,465 கி.மீ. பாதையில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. நம் மொத்தப் பாதை 68,000 கி.மீ.க்கும் மேல். விரிவாக்கம் நடந்துவருகிறது, விரைவுபடுத்த வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாகாநாகா பஜாரில் கோரமண்டல் விரைவு ரயில் பச்சை விளக்கைப் பார்த்துத்தான் முழு வேகத்தில் வந்தது. தண்டவாளமோ சரக்கு ரயில் நின்றிருந்த பக்கப் பாதைக்குத் திருப்பப்பட்டிருந்தது. சிக்னல் கம்பி இணைப்புகளில் செய்த மாற்றத்தில் நேர்ந்த பிழையே பொய்யான பச்சையைக் காட்டியது என்று விசாரணை கண்டது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

கவச் எல்லாப் பாதைகளுக்கும் வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அதுவரையிலும், வந்த பின் அது பழுதடையும் நாட்களிலும், ஓட்டுநரின் கைக்கு ஒரு தாள்தான் போகப்போகிறது. அந்தத் தாளில் செல்ல வேண்டிய வேகம் பெரிய எண்ணில் அச்சிடப்பட்டிருக்கவேண்டும். அது ஓட்டுநரின் தாய்மொழியிலும் இருக்கவேண்டும். கொடுப்பவர் அதை வாய்விட்டுப் படிக்க, வாங்குபவர் திருப்பிச் சொல்லவேண்டும். சூழ்நிலைக்கு ஒரு படிவம் என்று அடுக்கிக்கொண்டே போகாமல், அவற்றைக் குறைக்கவேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு கிலோமீட்டர் கவச்சின் செலவில் சிறு பங்குகூட வராது. விசாரணை முடியும் முன்பே இறந்த ஓட்டுநரைக் குற்றவாளியாக்கும் வழக்கத்தை நிறுத்துவதற்கு ஒரு ரூபாயும் ஆகாது.

சென்ற வாரம் மாலை நெய்வேலி நிலையத்தில் நின்றிருந்தேன். நிற்காத ஒரு சரக்கு ரயில் வந்தது. நிலைய அதிகாரி அறையை விட்டு வெளியே வந்து, சுருட்டிய பச்சைக் கொடியை விரித்து நீட்டிப் பிடித்தார். எஞ்சினிலிருந்து ஒரு கை பச்சைக் கொடியை அசைத்துப் பதில் சொன்னது. கடைசி வண்டி கடக்கும்வரை அவர் அங்கேயே நின்று, ஒவ்வொரு சக்கரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய், அடுத்த நிலையத்துக்குப் பேசத் தொலைபேசியை எடுத்தார்.